மூன்று சொட்டு ரத்தம்! இரண்டே நிமிடத்தில் பதில்!

1952-ம் ஆண்டு. ஆகஸ்டு மாதம்.

டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகன் நகரத்தை ஒரு பயங்கர நோய் பிடித்து ஆட்டியது. அதுதான் இளம்பிள்ளை வாதம். "போலியோ" என்றும் சொல்வார்கள்.

அந்த நகரில் பிளெக்டாம் என்று ஓர் ஆஸ்பத்திரி. தொற்று நோய் கண்டவர்களை அங்கேதான் சேர்ப்பார்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் நாள்தோறும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பலருக்குக் கை கால் மட்டும் விழவில்லை. மூச்சு விடும் தசைகளும் செயல் இழந்துவிட்டன. எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை.

ஆரம்ப வாரங்களில், மூச்சுத் திணறிய 31 பேரை எந்திரங்களில் வைத்துச் சிகிச்சை செய்தார்கள். அவர்களில் 27 பேர் இறந்துபோனார்கள்!

டாக்டர்கள் நோயாளிகளின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். அதில் காரப் பொருள் மிகுதியாக இருப்பதுபோல் தெரிந்தது. "இது என்ன புதிராக இருக்கிறதே! ரத்தம் ஏன் இப்படி மாறுகிறது?" என்று குழம்பினார்கள்.

அப்போது பியோர்ன் இப்சன் என்ற டாக்டரை ஆலோசனைக்கு அழைத்தார்கள். அறுவைச் சிகிச்சையின்போது நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அவர்.

அவர் சொன்னார்: "நீங்கள் நினைப்பது தவறு. ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி நிற்கிறது. நோயாளிக்கு மூச்சு போதவில்லை. அதனால்தான் சாகிறார்கள்."

யார் சொல்வது சரி?

ஆகஸ்டு 27-ந் தேதி, சாகும் நிலையில் இருந்த ஒரு 12 வயதுச் சிறுமியிடம் இப்சன் தம் முறையைச் செய்து காட்டினார். அவள் தொண்டையில் ஒரு துளை போட்டு, குழாய் செருகி, ரப்பர் பை ஒன்றைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை உள்ளே செலுத்தினார். தேங்கி நின்ற கரியமில வாயு வெளியேறியது. சிறுமி பிழைத்தாள்!

அதே ஆஸ்பத்திரியின் சோதனைச் சாலையில் இருந்த ஆஸ்ட்ரூப் என்ற டாக்டர், ரத்தத்தின் அமிலத்தன்மையை ஒரு கருவியால் அளந்தார். ரத்தம் காரமாக இல்லை. அமிலமாக இருந்தது! இப்சன் சொன்னதே உண்மை என்று உறுதியாயிற்று.

அதன் பிறகு சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு இரவு பகலாக நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து ரப்பர் பைகளை அமுக்கினார்கள். சாவு பெரிதும் குறைந்தது.

இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. ரத்தம் முதலிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதைச் சரியாகக் கேட்க டாக்டர்களிடம் கருவி இல்லை. அந்தக் கருவி கிடைக்கும் முன்பே 27 உயிர்கள் போய்விட்டன.

ரத்தம் சொல்வதை உடனே கேட்பது எப்படி? நோயாளியின் கட்டில் அருகிலேயே கேட்பது எப்படி? விஞ்ஞானிகள் 40 ஆண்டுகள் இந்தக் கேள்வியோடு போராடினார்கள். அவர்கள் கண்ட பதில் இன்று ஒரு கைக்குள் அடங்குகிறது.

காத்திருக்காத எமன்

ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தவர்களுக்கு இது தெரியும். நர்சு ஊசியால் ரத்தம் எடுப்பார். கண்ணாடிக் குழாயில் ஊற்றுவார். பெயர்ச் சீட்டு ஒட்டுவார். அதைச் சோதனைச் சாலைக்குக் கொண்டு போவார்கள். அங்கே வரிசையில் வைத்து, சுழலும் எந்திரத்தில் போட்டு, அளந்து, தாளில் எழுதித் திருப்பி அனுப்புவார்கள்.

இதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம். பாதி நாளும் ஆகலாம். சிற்றூர் என்றால் ரத்தம் பஸ் ஏறி நகரத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

சாதாரணக் காய்ச்சலுக்கு இது பாதகமில்லை. ஆனால் எல்லா நோயும் காத்திருக்குமா?

பொட்டாசியம் என்ற உப்பு எல்லோருடைய ரத்தத்திலும் இருக்கிறது. அதன் அளவு 3.5 முதல் 5 வரை இருந்தால் நல்லது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு இது ஏறிக்கொண்டே போகும். மிகவும் ஏறினால் இதயம் தாளம் தப்பும். ஒரு கட்டத்தில் நின்றே போகும். வெளியே பார்த்தால் நோயாளி சோர்ந்து படுத்திருப்பதுபோல்தான் தெரியும். உள்ளே எமன் வந்து நிற்பதை ரத்தம் சொல்லிவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன! அவை ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தின்கின்றன. பிராணவாயுவையும் செலவழிக்கின்றன. நேரம் ஆக ஆக, குழாயில் இருக்கும் ரத்தம் வேறு. நோயாளியின் உடம்பில் ஓடும் ரத்தம் வேறு.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையை நினைத்துப் பாருங்கள். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 100 மில்லி லிட்டர்தான். அரைத் தம்ளர் அளவு! அதிலிருந்து சோதனைக்குச் சோதனை 5 மில்லி எடுத்தால் என்ன ஆகும்? 20 முறை எடுத்தால் முழு உடம்பின் ரத்தமும் வெளியே வந்த கணக்கு அல்லவா?

ஆகவே சோதனை விரைவாக இருக்க வேண்டும். எடுக்கும் ரத்தமும் குறைவாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே வழிதான். சோதனைச் சாலையையே சுருக்க வேண்டும்!

ரத்தத்தைச் சுவைக்கும் "நாக்கு"

முதலில் ரத்தத்தில் உள்ள பொருளை மின்சாரத்தால் அறியும் வழியைக் கண்டுபிடித்தார்கள்.

அமெரிக்க விஞ்ஞானி லேலண்டு கிளார்க், ரத்தத்தில் உள்ள பிராணவாயுவை அளக்கும் மின்முனை ஒன்றை 1956-ம் ஆண்டில் வெளியிட்டார். பிளாட்டினம் கம்பியின் முனையை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடினார். பிராணவாயு மட்டும் தாளைக் கடந்து உள்ளே போகும். எவ்வளவு போகிறதோ அவ்வளவு மின்சாரம் ஓடும். மின்சாரத்தை அளந்தால் பிராணவாயு தெரிந்துவிடும்.

1962-ம் ஆண்டில் அவரே இன்னொரு தந்திரம் செய்தார். சர்க்கரையைத் தின்னும் ஒரு நொதிப் பொருளை அந்த முனையில் பூசினால், சர்க்கரையையும் அளக்கலாம் என்றார். இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் சர்க்கரைச் சோதனைக் கருவியின் மூதாதை இதுதான்.

இந்த முனைகளை ரத்தத்தைச் சுவை பார்க்கும் "நாக்கு" என்று சொல்லலாம். ஆனால் அந்த நாட்களில் இந்த நாக்குகள் பெரியவை. அவற்றை வைக்க வெந்நீர்த் தொட்டியும் மேஜையும் வேண்டும். பார்த்துக்கொள்ளத் தனி ஆளும் வேண்டும்.

சில்லு வந்தது!

மின்னணுச் சில்லு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரேடியோவிலும் கைப்பேசியிலும் இருப்பது அதுதான். சிலிக்கான் என்ற பொருளை மெல்லிய வட்டத் தகடாக அறுத்து, அதன்மேல் ஒளியால் படம் பதித்து, அமிலத்தால் அரித்து, நுண்ணிய பாதைகளை உண்டாக்குகிறார்கள். ஒரே தகட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகளைச் செய்யலாம். அதனால் ஒவ்வொன்றின் விலையும் குறைகிறது.

"மின்சாரம் ஓடும் பாதையைச் செய்யும் இதே தொழிலால், தண்ணீர் ஓடும் வாய்க்காலையும் வெட்டினால் என்ன?" என்று சிலர் யோசித்தார்கள்.

1970-ம் ஆண்டில் ஆலந்து நாட்டு விஞ்ஞானி பீட் பெர்க்வெல்டு, திரவத்தில் நனைந்தபடியே அதிலுள்ள உப்பை உணரும் சிலிக்கான் கருவியைச் செய்தார். 1979-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் டெர்ரியும் அவருடைய கூட்டாளிகளும், வாயுக்களைப் பிரித்துச் சோதிக்கும் ஒரு முழுக் கருவியைச் சிலிக்கான் தகட்டில் செதுக்கினார்கள். 1990-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ஆந்திரேயாஸ் மான்சும் அவருடைய நண்பர்களும், "ரசாயனச் சோதனைச் சாலை முழுவதையும் ஒரு சில்லுக்குள் சுருக்கலாம்" என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

அதிலிருந்து உலகமெங்கும் இந்தத் துறை பரவிவிட்டது.

மயிரிழை வாய்க்காலில் ஓர் அதிசயம்

இந்த வாய்க்கால்களின் அகலம் எவ்வளவு தெரியுமா? தலைமயிரின் பருமன்தான். சில வாய்க்கால்கள் அதைவிடவும் மெல்லியவை.

இவ்வளவு சிறிய இடத்தில் தண்ணீரின் குணமே மாறிவிடுகிறது!

ஆற்றில் இரண்டு நீரோட்டங்கள் சேர்ந்தால் என்ன ஆகும்? சுழித்து, மோதி, உடனே கலந்துவிடும். மயிரிழை வாய்க்காலில் அப்படி இல்லை. இரண்டு திரவங்களை ஒன்றாக விட்டால், தண்டவாளங்களில் ஓடும் இரண்டு ரெயில்களைப்போல் பக்கம் பக்கமாக ஓடும். சுழல் கிடையாது. எந்தத் துளி எப்போது எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம்.

அந்த வாய்க்காலில் திரவத்தை இழுக்கப் பம்பு செட்டும் எப்போதும் தேவையில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் தானாக ஏறுகிறதே, அதுபோல் ரத்தமும் தானாகவே உள்ளே ஏறிவிடும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஒரு பொருள் திரவத்தில் பரவும் தூரம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், அதற்கு ஆகும் நேரம் நூற்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அண்டாவில் வெந்நீர் போட நேரம் ஆகும். சின்னக் கரண்டியில் என்றால் சட்டென்று சுடும் அல்லவா? அளவு சிறுத்தால் வேகம் கூடும் என்பது இங்கேயும் பலிக்கிறது.

உள்ளங்கையில் சோதனைச் சாலை

இமாண்ட்ஸ் லாக்ஸ் என்ற விஞ்ஞானி 1983-ம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு கம்பெனி தொடங்கினார். கம்பெனியின் பெயர் ஐ-ஸ்டாட். அவர்கள் செய்த கருவி 1992-ம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. 2004-ம் ஆண்டில் அப்பாட் என்ற பெரிய மருந்துக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. பல நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் இன்றும் அந்தக் கருவி வேலை செய்கிறது.

அது எப்படி இருக்கும்?

பழைய டெலிபோன் ரிசீவரைவிடக் கொஞ்சம் தடிப்பு. எடை முக்கால் கிலோவுக்கும் குறைவு. பாட்டரியில் ஓடும். அதோடு சேர்த்து, தீப்பெட்டியைப்போல் சிறிய பிளாஸ்டிக் உறை ஒன்று வரும். ஒரு நோயாளிக்கு ஓர் உறை. ஒரு முறை பயன்படுத்தி எறிந்துவிட வேண்டியதுதான்.

அந்தச் சிறு உறைக்குள்தான் விந்தை எல்லாம் இருக்கிறது. வாய்க்கால்கள் இருக்கின்றன. சிலிக்கான் சில்லுகள் இருக்கின்றன. ஒரு சின்னப் பைக்குள் மருந்து நீர் இருக்கிறது. காற்று அடைத்த மெத்தை ஒன்றும் இருக்கிறது.

நர்சு இரண்டு மூன்று சொட்டு ரத்தத்தை உறையின் வாயில் விடுவார். மூடியைச் சாத்திக் கருவிக்குள் செருகுவார். அவ்வளவுதான் அவர் வேலை. மற்றதைக் கருவி பார்த்துக்கொள்ளும்.

முதலில் கருவி அந்த மருந்து நீர்ப் பையை அமுக்கும். உள்ளே இருக்கும் முள் குத்திப் பை உடையும். மருந்து நீர் வாய்க்கால் வழியாக ஓடிச் சில்லுகளின் மேல் நிற்கும். அந்த நீரில் எந்த உப்பு எவ்வளவு என்பது முன்பே தெரிந்த கணக்கு. சில்லுகள் அதைச் சரியாகச் சொல்கின்றனவா என்று கருவி பார்க்கும்.

மளிகைக் கடையில் சாமானை நிறுக்கும் முன் தராசைப் படிக்கல் வைத்துச் சரிபார்ப்பார்கள் அல்லவா? அதேதான் இது!

பிறகு கருவி காற்று மெத்தையை அமுக்கும். காற்று தள்ள, மருந்து நீர் விலகும். ரத்தம் வந்து அதே சில்லுகளின் மேல் நிற்கும். இப்போது சில்லுகள் ரத்தத்தைச் சுவை பார்க்கும். பொட்டாசியம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, கரியமில வாயு எவ்வளவு என்று திரையில் எண்கள் வரும்.

மொத்தம் ஆகும் நேரம் ஏறக்குறைய 2 நிமிடம்!

எந்தெந்தச் சோதனை என்பது உறைக்கு உறை மாறும். மாரடைப்பைக் காட்டும் பொருளைத் தேடும் உறைகூட இருக்கிறது. அதற்கு 10 நிமிடம் ஆகும்.

11 மில்லிவோல்ட்டில் ஓர் உயிர்

ரத்தத்தில் எத்தனையோ பொருள்கள் இருக்கும்போது, பொட்டாசியத்தை மட்டும் சில்லு எப்படி அடையாளம் கண்டுகொள்கிறது?

சில்லின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. அதில் வாலினோமைசின் என்ற பொருள் கலந்திருக்கிறது. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர் உண்டாக்கும் பொருள் அது. அதன் நடுவில் ஒரு குழி உண்டு. பொட்டாசியம் அந்தக் குழியில் கச்சிதமாகப் பொருந்தும். சோடியம் பொருந்தாது. கொட்டகை வாசலில் டிக்கெட் பார்த்து ஆளை விடுகிறவரைப்போல, அது பொட்டாசியத்தை மட்டும் உள்ளே விடும். அதனால் உண்டாகும் மின் அழுத்தத்தைக் கருவி அளக்கும்.

அந்த மின் அழுத்தம் எவ்வளவு சிறியது தெரியுமா?

பொட்டாசியம் 4 என்றால் ஆள் நலம். 6 என்றால் ஆபத்து வாசலில் நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே மாறும் மின் அழுத்தம் சுமார் 11 மில்லிவோல்ட்டுதான்! ஒரு சாதாரண டார்ச் லைட் பாட்டரியில் 1,500 மில்லிவோல்ட்டு இருக்கிறது. அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத வித்தியாசம், ஓர் உயிர் இருப்பதா போவதா என்பதைச் சொல்கிறது.

அதனால்தான் ஒவ்வொரு தடவையும் தராசைச் சரிபார்க்கும் அந்த மருந்து நீர் அவசியமாகிறது. அந்தப் பை மட்டும் இல்லாவிட்டால், கருவி சொல்லும் எண்ணை நம்பி மருந்து கொடுக்க முடியாது.

இந்தக் கருவி விண்வெளிக்கும் போனது! பூமியைச் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர்களின் ரத்தத்தைச் சோதிக்க இதைப் பயன்படுத்தினார்கள். அங்கே எடை என்பதே தெரியாது. தண்ணீரைத் தம்ளரில் ஊற்ற முடியாது. மயிரிழை வாய்க்காலுக்கோ அது ஒரு பொருட்டே இல்லை.

ஒரு சொட்டில் ஒரு மோசடி

இவ்வளவு நல்ல விஷயத்தில் ஏமாற்றுக்காரர்கள் நுழையாமல் இருப்பார்களா? நுழைந்தார்கள்.

அமெரிக்காவில் எலிசபெத் ஹோம்ஸ் என்ற இளம்பெண் 2003-ம் ஆண்டில் தெரனாஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 19. "விரலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்வோம்" என்ற பேச்சு எங்கும் பரவியது. பணக்காரர்கள் கோடி கோடியாகக் கொட்டினார்கள். கம்பெனியின் மதிப்பு 900 கோடி டாலர் என்று பேசப்பட்டது!

2015-ம் ஆண்டில் "வால் ஸ்டிரீட் ஜர்னல்" பத்திரிகை உண்மையை உடைத்தது. அந்தக் கம்பெனி தன் சோதனைகளில் பெரும்பாலானவற்றைத் தன் கருவியில் செய்யவில்லை. மற்றவர்கள் செய்த சாதாரண எந்திரங்களிலேயே செய்தது! சொந்தக் கருவி தந்த முடிவுகளோ நம்பத்தக்கவை அல்ல. ஏற்கனவே நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை 2016-ம் ஆண்டில் கம்பெனியே "செல்லாது" என்று திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

2018-ம் ஆண்டில் கம்பெனி மூடப்பட்டது. 2022-ம் ஆண்டில் ஹோம்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 11 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. முதலீட்டாளர்களை ஏமாற்றினார் என்பதே நிரூபணமான குற்றம்.

பணம் போட்டவர்களின் நஷ்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தவறான எண்ணை நம்பிய நோயாளியின் கதி என்ன? இல்லாத நோய்க்கு அழுதிருப்பார். இருக்கும் நோயை அறியாமல் சிரித்திருப்பார்.

எல்லாவற்றையும் ஒரே சொட்டில் ஏன் செய்ய முடியவில்லை? காரணம் எளிது. சில பொருள்கள் ரத்தத்தில் மிகமிகக் குறைவாகவே இருக்கும். ஒரே சொட்டில் அவை அகப்படுவதே அபூர்வம். விரலை அழுத்திப் பிழிந்தால் தசை நீரும் சேர்ந்து வரும். ரத்த அணுக்கள் உடைந்தால் அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து பொய்க் கணக்குக் காட்டும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒவ்வொரு ரசாயனம் வேண்டும்.

சிறியது எல்லாம் சரியானது ஆகிவிடாது. நல்ல கருவிகள் அதை ஒப்புக்கொள்கின்றன. செய்ய முடிந்த சில சோதனைகளைச் செவ்வையாகச் செய்கின்றன.

நம் நாட்டுச் சில்லு

இந்தத் தொழிலில் நம் நாடும் பின்தங்கிவிடவில்லை.

உலகத்தில் காசநோய் காணும் நான்கு பேரில் ஏறக்குறைய ஒருவர் இந்தியர். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் டாக்டர் 1882-ம் ஆண்டிலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். ஆனால் நோயாளியின் சளியில் கிருமி இருக்கிறதா என்று உறுதியாகப் பார்ப்பது எளிதல்ல. கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். இருமி இருமி மனைவி மக்களுக்கும் நோயைக் கொடுத்துவிடுவார்.

இதற்குப் பெங்களூரில் உள்ள பிக்டெக் ஆராய்ச்சிக்கூடமும், கோவாவில் உள்ள மோல்பயோ கம்பெனியும் ஒரு வழி கண்டன. அந்தக் கருவியின் பெயர் ட்ரூநாட்.

சளியிலிருந்து கிருமியின் மரபுப் பொருளை ஓர் உறைக்குள் பிரித்தெடுக்கிறார்கள். பிறகு அதில் ஒரு சொட்டை ஒரு சிறு சில்லின் குழியில் விடுகிறார்கள். சில்லுக்குள்ளேயே ஓர் அடுப்பு இருக்கிறது! அது அந்தச் சொட்டைச் சூடாக்கும். பிறகு ஆறவிடும். மறுபடி சூடாக்கும். ஒவ்வொரு முறையும் கிருமியின் மரபுப் பொருள் இரண்டு மடங்காகும்.

சதுரங்கக் கட்டத்தில் ஒன்று, இரண்டு, நான்கு என்று நெல் கேட்டவன் கதை தெரியும் அல்லவா? அதே கணக்குதான். 30 முறை இரட்டித்தால் ஒன்று 107 கோடி ஆகிவிடும்! ஒளிந்திருந்த கிருமி வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

இதற்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். இன்னும் ஒரு மணி நேரத்தில், முக்கியமான காசநோய் மருந்து ஒன்று அந்தக் கிருமியிடம் பலிக்குமா பலிக்காதா என்பதும் தெரிந்துவிடும். பாட்டரியிலும் ஓடுவதால், மின்சாரம் நின்றாலும் கவலை இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020-ம் ஆண்டில் இதை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் கொரோனா வந்தபோது, நம் நாட்டில் அந்தச் சோதனைக்கும் இது கைகொடுத்தது.

உங்கள் வீட்டிலும் இருக்கிறது!

"இதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி சமாசாரம். நமக்கு என்ன?" என்கிறீர்களா?

உங்கள் வீட்டில் சர்க்கரை நோய்க்காரர் இருக்கிறாரா? அவர் விரலில் குத்தி, ஒரு சிறு பட்டையில் ரத்தத்தைத் தொடவைத்துப் பார்க்கிறாரா? அந்தப் பட்டையின் ஓரத்தைக் கவனியுங்கள். ரத்தம் தொட்டவுடன் உள்ளே இழுத்துக்கொள்கிறதே, அங்கேயும் ஒரு மயிரிழை வாய்க்கால் இருக்கிறது. உள்ளே நொதிப் பொருளும் மின்முனையும் இருக்கின்றன. கருவிக்குள் சில்லு இருக்கிறது. கிளார்க் 1962-ம் ஆண்டில் கண்ட வழிதான், தாத்தாவின் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது!

ஆகவே சில எச்சரிக்கைகளை மறக்காதீர்கள்.

சோதிக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். பழம் உரித்த கையோடு குத்திப் பார்த்தால், விரலில் ஒட்டிய சர்க்கரை உங்கள் ரத்தச் சர்க்கரையாகக் கணக்கில் ஏறிவிடும்.

விரலை அழுத்திப் பிழியக் கூடாது. ரத்தம் தானாக வரட்டும்.

பட்டைகளை அவற்றின் டப்பாவிலேயே மூடி வைக்க வேண்டும். காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். ஈரக்காற்றில் கிடந்த பட்டை பொய் சொல்லும்.

எண் ஒன்றைச் சொல்கிறது, உடம்பு வேறொன்றைச் சொல்கிறது என்றால், மறுபடியும் சோதியுங்கள். அப்போதும் சந்தேகமாக இருந்தால் டாக்டரிடம் போங்கள். எண்ணைப் பார்த்து நீங்களாகவே மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கருவி கேள்விக்குப் பதில்தான் சொல்லும். என்ன செய்ய வேண்டும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கோபன்ஹேகனில் அன்று நடந்ததும் அதுதானே? இப்சன் என்ற மனிதர் ரத்தத்தின் பேச்சைச் சரியாகப் புரிந்துகொண்டார். ஆஸ்ட்ரூப்பின் கருவி அதற்குச் சாட்சி சொன்னது. இரண்டும் சேர்ந்தபோதுதான் உயிர்கள் பிழைத்தன.

அன்று அந்தச் சாட்சி வருவதற்குள் 27 பேர் போய்விட்டார்கள். இன்று அதே கேள்வியை மூன்று சொட்டு ரத்தத்திடம் கேட்டால், இரண்டே நிமிடத்தில் பதில் வருகிறது!